கட்டிங் போட்டா குவாட்டர் லாபம்

வா மாப்ளே, உக்காரு. அந்த அகல நாற்காலி இனிமே உனக்கு எதுக்கு, அதை உங்க அத்தைக்கு வுட்டுடு. இப்பிடித் தறிக்குழி ஓரமா வா. போன வருசம் நீ இங்க உக்காந்தா கையைக் குடுத்துத் தூக்க ரெண்டு ஆளு வேணும். இன்னிக்கு வேட்டி நழுவாம நிக்கப் பெல்ட்டு கட்டிக்கினு வந்துகீற. நல்லாத்தான் கீற. வீட்டுக்குப் போனதும் உப்பு மொளகா சுத்திப் போடச் சொல்லு.

நேத்து கொசப்பாளையம் முக்குல நாலு பேரை வெச்சிக்கினு ஒரு கணக்கு சொன்னியாமே. "முன்னெல்லாம் ஒரு ஆஃப் அடிச்சாலும் ஸ்டெடியா நிப்பேன், இப்ப ஒரு கட்டிங் போட்டா குவாட்டர் ஏத்தம், பாதித் துட்டு மிச்சம்டா"ன்னு. கேட்டதுலேர்ந்து எனக்கு ஒரே பெருமை. பட்டு நெய்ஞ்சு மிச்சம் புடிக்கத் தெரியாத நம்ம வம்சத்துல, வயித்தை வெட்டி மிச்சம் புடிக்க ஒருத்தன் பொறந்துட்டானேன்னு. டாஸ்மாக்குக்கு 2024-25ல வந்தது 48,344 கோடியாம். குடிக்கிறவன்லாம் உன் வழிக்கு வந்துட்டா அதுல பாதி போயிடும். கொஞ்சம் கொரலைத் தாழ்த்திப் பேசு, அரசாங்கம் கேசு கீசு போட்டுடப் போவுது.

ஆனா லாபம்னு வாயைத் தொறந்துட்டா நானும் கணக்கு கேப்பேன். காலம் பூரா முதலாளிக்கிட்ட கூலிக் கணக்கு பார்த்தவன். பட்டு எடை, ஜரிகை எடை, கழிவு எல்லாம் போவ கையில நிக்கறது எவ்ளோன்னு தெரியாம நோட்டுல கையெழுத்துப் போட்டதில்ல. என் பேத்தி வேலூர்ல நர்சிங் படிக்கிறா இல்ல, லீவுக்கு வந்தா செல்லை வெச்சிக்கினு எனக்குப் பாடம் எடுக்கறா. உனக்கு எடை கொறைக்க வயித்துல ஆபரேசன்னு சொன்ன நாளுலேர்ந்து அவகிட்ட நான் பைபாஸ் பாடம்தான் கேட்டுக்கினு கீறேன். அதனால பார்த்துப் பேசு.

உன் குவாட்டரையே பிரிப்போம். 180 மில்லி. சீசாவுல 42.8 சதவீதம்னு போட்டுகீது. அதுல சுத்த ஆல்கஹாலு 77 மில்லி, எடை போட்டா 60 கிராமுக்குக் கொஞ்சம் மேல. ஒழுங்கா வேலை செய்யற ஈரலு மணிக்கு ஏழுலேர்ந்து பத்து கிராம் கரைக்கும். ராத்திரி பத்து மணிக்குக் கடை மூடறப்ப ஓடிப்போய் வாங்கி அடிச்சவனுக்கு, விடிஞ்சு பால்காரன் வர்றப்பவும் ரத்தத்துல சரக்கு கீது. மோரு குடிச்சேன், எலுமிச்சம்பழம் புழிஞ்சேன், தலையில தண்ணி ஊத்தினேன்னு சொல்றதெல்லாம் மனசைத் தேத்திக்கறதுக்கு. ஈரலுக்கு அவசரம் தெரியாது.

நீ சொன்ன கட்டிங் கணக்கு பொய்யில்ல மாப்ளே. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்னு ஒரு ஊரு. அங்க வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல, பைபாஸ் பண்ணிக்கின பொம்பளைங்களை உக்கார வெச்சு, அளந்து ஊத்திக் குடுத்து, ரத்தம் எடுத்துப் பார்த்துகீறாங்க. 2015ல எழுதினாங்க. ரெண்டு அளவு குடிச்சவங்க ரத்தத்துல நாலு அளவு ஏத்தம். அவங்க ஊர்ல ஒரு அளவுன்னா 14 கிராம், ரெண்டுன்னா நம்ம பிராந்தியில 80 மில்லி சொச்சம். உன் கட்டிங் 90. வெள்ளைக்காரன் லேப்புல கண்டுபுடிச்சதை நீ முக்குல நின்னுக்கினே கண்டுபுடிச்சிட்ட. உனக்கு ஒரு பட்டம் குடுக்கலாம்.

ஆனா அந்தச் சோதனையில இன்னொண்ணு கீது, அதை நீ முக்குல சொல்லல. ஆபரேசன் பண்ணாதவங்களுக்கு உச்சத்துக்கு ஏற அரை மணி கிட்ட ஆச்சு. பண்ணிக்கினவங்களுக்கு அஞ்சாறு நிமிசம். நீ கிளாசைக் கீழ வெச்சு ஊறுகா மட்டையைக் கிழிக்கறதுக்குள்ள மண்டைக்குள்ள வந்து உக்காந்துடுது.

ஏன்னு கேளு. வயித்துச் சுவருலயே சாராயத்தைக் கொஞ்சம் முறிக்கிற சரக்கு கீது. வயித்துக்குக் கீழ்வாசல்ல ஒரு கதவும் கீது, உள்ள வந்ததைத் தேக்கி வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொடலுக்கு வுடும். குடிக்கிறவங்க "நல்லாச் சாப்ட்டுட்டு குடிடா"ன்னு சொல்றாங்களே, அது அந்தக் கதவை நம்பித்தான். உனக்கு இன்னா பண்ணாரு டாக்டரு? வயித்தோட மேல்பாகத்துல சின்னதா ஒரு பை வுட்டு வெச்சு, மீதி வயித்தையும் அந்தக் கதவையும் ஒதுக்கிட்டு, பையை நேராச் சிறுகொடல்ல கொண்டாந்து சேர்த்துட்டாரு. சேவூர்க்காரன் ஒருத்தன் ஸ்லீவுன்னு பண்ணிக்கினான், அது வேற. அதுல முக்கால் வயித்துக்கு மேல வெட்டி வெளியவே எடுத்துட்டு ஒரு குழாயா நிறுத்தறாங்க. கதவு இருந்தாலும் உள்ள வந்தது சீக்கிரம் எறங்கிடுது. அவனும் உன் கட்சிதான், ரொம்பத் துள்ள வேணாம்னு சொல்லு.

இதுல ஒரு வேடிக்கை. உனக்கு வுட்டு வெச்ச பை ஏறக்கொறைய 30 மில்லி. ஒரு சின்ன பெக்கும் 30 மில்லி. டாக்டரு வயிறு வுட்டு வெச்சாரா, அளவு கிளாஸ் வுட்டு வெச்சாரா? அந்தக் கிளாசை எப்பிடி உபயோகிக்கறதுன்னு அவரு சொன்னப்ப நீ இட்லி எத்தினி சாப்பிடலாம்னு கேட்டுக்கினு இருந்திருப்ப.

இப்ப லாபத்தைப் பாரு. துட்டு பாதி. மூளைக்குப் போறது முழு குவாட்டர். ஊத்தற கை யாரோடது? அந்தப் பழைய ஆஃப் கை. அது இன்னும் பழைய அளவுலதான் சாயுது. முன்ன மெள்ள ஏறும், "போதும்டா, ஏறிக்கிச்சு"ன்னு நீயே சொல்லுவ. இப்ப ஏறினது உனக்குத் தெரியறதுக்குள்ள ரெண்டாவது உள்ள போயிடுது. 1939ல நம்ம வட ஆற்காட்டுக்கு மதுவிலக்கு வந்தப்ப எங்கப்பன் வாலிபன். 1971ல கலைஞரு தொறந்தாரு, 1974க்குள்ள மூடினாரு, 1981ல எம்.ஜி.ஆர். மறுபடி தொறந்தாரு. தொறந்தா வெளிச்சத்துல குடிச்சோம், மூடினா இருட்டுல குடிச்சோம், அது வேற கதை. ஆனா எந்தக் கவுருமென்ட்டாலயும் கை வெக்க முடியாத கதவு ஒண்ணு ஒவ்வொருத்தன் வயித்துலயும் இருந்துது. அதை நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துகீற.

பையையும் கொடலையும் சேர்த்த எடம் கீதே, அதைக் கொஞ்சம் மரியாதையா வெச்சிக்கோ. பழைய பாவு முடிஞ்சு புதுப் பாவு பிணைக்கறப்ப இழை இழையா முறுக்கி ஒட்டறோம் இல்ல, நெய்ஞ்சு தாண்டற வரைக்கும் அந்தப் பிணைப்பைத் தாண்டி நாடாவை வேகமா அடிப்பமா? உள்ள கீறதும் அந்தப் பிணைப்புதான், ஆனா அதை நெய்ஞ்சு தாண்ட முடியாது, ஆயுசுக்கும் அங்கயேதான் நிக்கும். அங்க புண்ணு வரும். பீடி சிகரெட்டு அதுக்கு முதல் எதிரி. ரெண்டாவது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக்கு, ஐபுபுரூஃபன். நம்ம தெருவுல முட்டி வலி இடுப்பு வலின்னு மிட்டாய் கணக்கா முழுங்கறாங்களே, அதெல்லாம்தான். குடியும் அங்க எரிச்சல் மூட்டும். நீ ராத்திரி பீடியோட ஊத்திக்கினு காலையில தலை வலிக்குதுன்னு மெடிக்கல்ல கையை நீட்டினா, மூணும் ஒண்ணு சேர்ந்து அந்த எடத்துல திருவிழா நடத்தும். கருப்பா வெளிக்குப் போனா, காப்பித்தூளு கலர்ல வாந்தி வந்தா, மூலம் சூடுன்னு நீயே வைத்தியம் பார்க்காத. ராத்திரியானாலும் கெளம்பிடு.

"பிராந்தி வேணாம் மாமா, பீரு குடிக்கறேன், அது சாதுவாச்சே"ன்னு கண்ணை உருட்டற. 650 மில்லி சீசாவை அந்த 30 மில்லி பையில எப்பிடி அடைப்ப? கேஸு வேற. ஊதிக்கும். சோடாவும் அதே கதி. கூல் டிரிங்ஸ்ல கலந்தியா, அதுல கீற சர்க்கரை ஒரே பாய்ச்சலா கொடலுக்குள்ள வுழும். ஆற்காடு மக்கன் பேடா ஒண்ணைத் தின்னுட்டு போன மாசம் வேர்த்து விறுவிறுத்து, படபடன்னு அடிச்சிக்கினு, சுவத்தைப் புடிச்சிக்கினு உக்காந்தியே, டம்பிங்னு டாக்டரு சொன்னாரே, ஞாபகம் கீதா? அந்த அவஸ்தையை நீயே கிளாசுல ஊத்திக் குடிக்கணுமா?

அதுக்கு நேர் எதிரும் நடக்கும். பைபாஸ் ஆனவங்க சில பேருக்குச் சாப்பிட்டு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல சர்க்கரை கடகடன்னு எறங்கும். ஈரலு வழக்கமா சர்க்கரை வுட்டு ஈடு கட்டும். குடி உள்ள இருந்தா அது அந்த வேலையைத் தள்ளி வெச்சிட்டு சாராயத்தைக் கரைக்கப் போயிடும். நீ இன்னும் கிளிமிபிரைடு மாத்திரை போட்டுக்கினு கீறியா இல்லியா? டாக்டரு கொறைச்சாரா, நிறுத்தினாரா? போய்க் கேளு. மெட்ஃபார்மினும் குடியோட ஒத்துப் போவாது. சர்க்கரை எறங்கினவன் நாக்கு கொளறுவான், கை நடுங்குவான், தள்ளாடுவான், வேர்த்து ஊத்துவான். பார்க்கறவன் இன்னா சொல்லுவான்? "மப்பு, படுக்க வெச்சா சரியாப் போவும்." நீ படுப்ப. எழுப்பறது யாரு?

இன்னொண்ணு சொல்றேன், இது உன் பொண்டாட்டிக்கும் தெரியணும். ஆபரேசன் ஆனவன் சத்து மாத்திரையை நிறுத்தி, வாந்தி எடுத்துக்கினு, மேல குடியும் சேர்ந்தா, பி1 வைட்டமினு அடியோட காலியாயிடும். கண்ணு ஆடும், ரெண்டு ரெண்டாத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு கொழம்பும். இதையும் ஊரு மப்புன்னுதான் சொல்லும். மப்பு விடிஞ்சா தெளியும், இது மூளையைத் தின்னுடும். நம்ம ஊர்ல மயங்கி வுழுந்தவனை தூக்கிக்கினு போனா முதல்ல இன்னா பண்றாங்க? குளுக்கோஸ் பாட்டிலு. பி1 இல்லாத ஒடம்புல வெறும் குளுக்கோஸை ஏத்தினா இன்னும் மோசமாவும்னு என் பேத்தி தலையில அடிச்சுச் சொன்னா. அதனால வயித்துல பைபாஸ் ஆனவருன்னு ஒரு சீட்டு எழுதி பர்சுல வெச்சிக்கோ. சாமி படத்துக்குப் பின்னாடி செருவாத, முன்னாடி வை. கூட வர்றவங்க "பைபாஸ் ஆனவரு, பி1ஐயும் சேர்த்துப் போடுங்க"ன்னு டாக்டருகிட்ட சொல்லணும்.

இத்தினியும் கேட்டுட்டு, "ஆபரேசன் ஆயி வருசம் திரும்பப் போவுது மாமா, கண்டம் தாண்டிட்டேன்"னு நெனைக்கிற. அங்கதான் மாப்ளே கீது. டாக்டருங்க சொல்றதுல முன்ன பின்ன உண்டு. ஆறு மாசம் தொடாதன்னு சிலரு, ஒரு வருசம்னு சிலரு. முன்னாடியே குடியில வுழுந்து எழுந்தவனுக்கு ஆயுசுக்கும் வேணாம்னு எல்லாரும். ஆனா வருசம் ஆயிட்டா வயிறு பழையபடி ஆயிடும்னு எவனும் சொல்லல. அமெரிக்காவுல பத்து ஆஸ்பத்திரியில எடை ஆபரேசன் பண்ணிக்கினவங்களைப் பின்னாடியே போய்ப் பார்த்து 2012ல ஒரு கணக்கு வெச்சாங்க. குடிநோய் ஆபரேசனுக்கு முன்ன 7.6 சதவீதம் பேருக்கு. முதல் வருசம் 7.3. சரி, நல்லாத்தானே போவுது? ரெண்டாவது வருசம் 9.6. அப்பாலயும் வுடாம பார்த்து 2017ல சொன்னாங்க: பைபாஸ் பண்ணிக்கினவங்கள்ல அஞ்சு வருசத்துக்குள்ள அஞ்சுல ஒருத்தரு குடிப்பிரச்சினையில மாட்டிக்கிறாரு. யாரு மாட்டறாங்கன்னும் எழுதிகீறாங்க. ஆம்பளை, வயசு கம்மி, பொகை புடிக்கறவன், முன்னாடியே வழக்கமாக் குடிச்சவன். படிக்கிறப்ப என் பேத்தி நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, இது நம்ம மாமாவோட ஜாதகமா?"ன்னா.

முதல் வருசம் எல்லாரும் உன் எடையையே பார்ப்பாங்க. போற வர்றவன்லாம் "எத்தினி கிலோ?"ன்னு கேப்பான், உனக்கும் பயம் இருக்கும், வேளைக்கு மாத்திரை, மாசத்துக்கு டாக்டரு. ரெண்டாவது வருசம் கைத்தட்டல் ஓஞ்சுடும். பிரியாணி ரெண்டு கரண்டிக்கு மேல எறங்காது. கல்லாவுல உக்காந்து பொழுது போவாது. தித்திப்பு போச்சு, கறி போச்சு, எதுதான் உள்ள சுலபமாப் போவுது? தண்ணியா கீறது மட்டும்தான். உலக சுகாதார நிறுவனம் 2023ல, எந்த அளவும் பாதுகாப்பு இல்லன்னு முழு வயிறு கீறவனுக்கே சொல்லிட்டாங்க. நீ 30 மில்லிக்காரன்.

சரி சரி, மூஞ்சைத் தொங்கப் போடாத. உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? குடிக்கறதுகூட சுலபம், நாலு பேரு நடுவுல வேணாம்னு சொல்றதுதான் கஷ்டம். "இன்னாடா, பொண்டாட்டி அடிப்பாளா?"ன்னு ஒருத்தன் ஆரம்பிப்பான். ஆபரேசன்னு சொன்னா, "அதான் ஆயி வருசம் ஆச்சே"ம்பான். உண்மையைச் சொல்லி ஜெயிச்சவன் ஆரணியில இல்ல. அதனால சாக்கு சொல்லித் தர்றேன், எழுதிக்கோ.

ஆடியில கவலையே இல்ல, படவேட்டம்மனுக்கு வேண்டுதல்னு ஒரு மஞ்சக் கயித்தைக் கட்டிக்கோ. எவனும் கிளாசை நீட்ட மாட்டான், நீட்டினவனை அவன் அம்மாவே ஒதைப்பா. பொரட்டாசி பெருமாளுது. ஐப்பசியில கந்த சஷ்டி. கார்த்திகை பொறந்தா ஐயப்பன் மாலை, அது மார்கழி தாண்டி தை வரைக்கும் ஓடும், அதைக் கழட்டினதும் மேல்மருவத்தூரோ தைப்பூசமோ ஒண்ணைப் புடிச்சுக்கோ. மாசியில மேல்மலையனூரு. பங்குனியில உத்திரக் காவடி. நடுவுல பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை கிரிவலம், அதுக்கு மூணு நாளு முன்னாடியே சுத்தமா இருக்கணும்னு நீயே ஒரு சாஸ்திரம் போட்டுடு. யாரு வந்து ஏட்டைப் பொரட்டப் போறாங்க? சித்திரை, வைகாசி, ஆவணிதான் மோசம். முகூர்த்த மாசம். பொடவை அறுத்துக் குடுத்துக் கூலி வாங்கினவன் கையில துட்டு இருக்கும், மண்டபத்துப் பின்னாடி கார் டிக்கி தொறந்தே கெடக்கும். அங்க சாமி எடுபடாது. மாமனாரை இழுத்துடு. "மாமனாரு முன்வரிசையில கீறாரு"ன்னு சொல்லு. எந்தச் சாமிக்கும் அடங்காதவன் அதுக்கு அடங்குவான். அந்தாளு நெஜமா வரணும்கூட அவசியம் இல்ல.

சாக்குலாம் வேணாம், டாக்டரையே கேக்கறேங்கறியா? கேளு. ஆனா உள்ளதைச் சொல்லிக் கேளு. "எப்பவாவது விசேசத்துக்கு, கொஞ்சம்"னு நீ இழுக்கற அந்தக் கொஞ்சம் எவ்ளோன்னு மில்லியில சொல்லு. ரத்தத்துல இரும்பு, பி12, ஈரலு எல்லாம் பார்த்துட்டு அவரு வேணாம்னா வேணாம். போனா போவுதுன்னு வுட்டாருன்னா, அப்பவும் அளவு கிளாசுல 30 மில்லி, சாதாத் தண்ணி, அதோட கதை முடிஞ்சுது. வெறும் வயித்துல கிடையாது. முட்டையோ மீனோ முதல்ல சாப்பிட்டு, உனக்குச் சொல்லிக் குடுத்த அரை மணி நேரம் கழிச்சுத்தான் தண்ணிகிண்ணி எல்லாம். தனியா உக்காந்து கிடையாது. ரெண்டாவது ஊத்தற ஃப்ரெண்டு பக்கத்துல கிடையாது. உனக்கு ஆபரேசன் ஆனது தெரிஞ்ச ஆளு ஒருத்தரு தெளிவா இருக்கணும். மனசு சரியில்லன்னு குடிக்கவே கூடாது. அன்னிக்கு இங்க வா, தறி சத்தத்துல உக்காந்துக்கினு என்னைத் திட்டு.

வண்டி விசயம் மட்டும் பேரமே இல்ல. சட்டத்துல 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் தாண்டினா கேசு. முதல் தபாவுக்கே பத்தாயிரம் ரூவா அபராதம், இல்லாட்டி ஜெயிலு, ரெண்டும்கூட ஆவலாம். ரெண்டாயிரமா இருந்ததை 2019ல பத்தாயிரம் ஆக்கின சட்டத்தைக் கொண்டாந்த மந்திரி யாரு தெரியுமா? நிதின் கட்கரி. அவரே 2011ல மும்பையில எடை கொறைக்க வயித்து ஆபரேசன் பண்ணிக்கினவருதான். உங்க ஆளு போட்ட சட்டம்டா, நீயே மீறலாமா?

இன்னொரு குசும்பு கேளு. ஸ்லீவ் பண்ணிக்கினவங்களை வெச்சு 2018ல ஒரு சோதனை. ஊதச் சொல்ற மெஷினு ரத்தத்துல கீறதைவிட நாலுல ஒரு பங்குக்கு மேல கொறைச்சுக் காட்டிச்சாம். ஏறி எறங்கற வேகத்துல உச்சத்தைப் புடிக்கவும் அதால முடியல. பார்த்தியா, மூஞ்சி எப்பிடி மலருது உனக்கு! போலீசு மெஷினு கொறைச்சுக் காட்டும் மாப்ளே. கண்ணமங்கலம் ரோட்டுப் புளியமரம் கொறைச்சுக் காட்டாது.

நாளைக்கு தேவிகாபுரத்துல கல்யாணம், நீ போற. அங்க டிக்கி தொறக்கும், அதுவும் எனக்குத் தெரியும். நானும் வர்றேன். பைக்கு சாவியை இப்பவே குடு. இன்னாத்துக்குச் சிரிக்கிற? ஆமா, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதுக்குத்தான் கேக்கறேன், குடு. ஏழே கால் பஸ்ஸுக்கு வந்துடு.